நாய்க்குட்டி கடிக்கும் பொம்மைக்கும் ஒரு வரம்பு வேண்டும்: இந்தியத் தர நிர்ணய அமைவனத்துக்குத் திறந்த மடல்

பெறுநர்:
தலைமை இயக்குநர்,
இந்தியத் தர நிர்ணய அமைவனம், புதுடெல்லி.

நகல்: கிளை அலுவலகம், பீனியா, பெங்களூரு.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். நான் பெங்களூரு அல்சூரில் செல்லப்பிராணிகளுக்குச் சிகிச்சை அளித்துவரும் கால்நடை மருத்துவர். இம்மடலின் ஆங்கில வடிவம் தங்கள் அலுவலகத்துக்குத் தனியே அனுப்பப்படுகிறது. அல்சூர், மர்பி டவுன், ஸ்ரீராமபுரம், சிவாஜிநகர் எனத் தமிழ்க் குடும்பங்கள் நெருங்கி வாழும் பகுதிகளில் நாய் வளர்ப்போரும், குட்டி ஈனவைத்து விற்போரும், செல்லப்பிராணிக் கடை நடத்துவோரும் படிக்க வேண்டும் என்பதற்காகவே இதைத் தமிழிலும் எழுதிப் பொதுவில் வைக்கிறேன். கோரிக்கை இதுதான்: குழந்தைகளின் பொம்மைகளில் இருக்கக்கூடிய, பிளாஸ்டிக்கை மென்மையாக்கும் தாலேட்டு வேதிப்பொருள்களுக்கு, பொம்மைப் பாதுகாப்புக்கான ஐஎஸ் 9873 தரத்தின் 9ஆம் பகுதி விதித்துள்ள 0.1 சதவீத வரம்பை, நாயும் பூனையும் வாயில் கவ்விக் கடிப்பதற்கென்றே விற்கப்படும் பொருள்களுக்கும் விரிவுபடுத்தும் ஒரு தரத்தைத் தாங்கள் வகுக்க வேண்டும்.

2020ஆம் ஆண்டின் பொம்மைகள் தரக்கட்டுப்பாட்டு ஆணை 2021 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தபின், குழந்தைகளுக்கான பொம்மை எதுவும் ஐஎஸ்ஐ முத்திரையின்றி இந்தியச் சந்தையில் விற்கப்படக் கூடாது என்றாயிற்று. நல்ல ஆணை, அதைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. ஆனால் அந்த ஆணையின்படி பொம்மை என்பது 14 வயதுக்குட்பட்ட குழந்தைகள் விளையாடுவதற்கென வடிவமைக்கப்பட்ட பொருள் மட்டுமே. ஆகவே அதே தொழிற்சாலையில், அதே அச்சில், அதே மென்பிளாஸ்டிக்கில் வார்க்கப்பட்ட ஒரு கீச்சுப்பந்து, உறையின்மேல் நாயின் படம் அச்சிடப்பட்ட மறுகணமே ஆணையின் எல்லைக்கு வெளியே போய்விடுகிறது. என்னிடம் வருவோர் காட்டும் கடிபொம்மைகள் பலவற்றின் உறையில் அது எந்தப் பொருளால் ஆனது என்பதுகூட எழுதப்பட்டிருப்பதில்லை.

தாலேட்டுகள் என்பவை, இயல்பில் விறைப்பான பிவிசி பிளாஸ்டிக்கை வளைந்து கொடுக்கும்படி மென்மையாக்கச் சேர்க்கப்படும் எண்ணெய் போன்ற நீர்மங்கள். மென்மையான பிவிசி பொருளொன்றின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு முதல் ஐந்தில் இரண்டு பங்கு வரை இந்த நீர்மமாகவே இருக்கக்கூடும். பரோட்டா மாவில் விட்ட எண்ணெய் மாவோடு ஒன்றாகிவிடாமல் இடையே தங்கியிருப்பதைப் போல, இவையும் பிளாஸ்டிக்கின் மூலக்கூற்றுச் சங்கிலிகளோடு வேதிப்பிணைப்பு ஏதுமின்றி இடுக்குகளில் தங்கியிருக்கின்றன. எனவே சூடும் கொழுப்பும் உமிழ்நீரும், எல்லாவற்றுக்கும் மேலாகப் பல்லும், அவற்றை வெளியே கொண்டுவந்துவிடுகின்றன. இவற்றில் அதிகம் ஆராயப்பட்டது டிஇஎச்பி எனப்படும் தாலேட்டு. விழுங்கப்பட்ட டிஇஎச்பி குடலிலுள்ள நொதிகளால் உடைந்து எம்இஎச்பி என்ற சிறிய மூலக்கூறாகிறது. கேடு விளைவிப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது வடிவம்தான். தாயின் இரத்தத்திலிருந்து அது நஞ்சுக்கொடியைக் கடந்து கருவை அடைகிறது.

கருவை அடைந்தபின் என்ன நடக்கிறது என்பதை நாம் எலிகளிடமிருந்து அறிந்துகொண்டோம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையைச் சேர்ந்த ஏர்ல் கிரேயும் அவருடைய குழுவினரும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் இன்றும் அடிப்படையானது. சினை எலிகளுக்குக் கருக்காலத்தின் 14ஆம் நாள் முதல் ஈன்றபின் 3ஆம் நாள் வரை, ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 750 மில்லிகிராம் வீதம் ஆறு வெவ்வேறு சேர்மங்களைத் தனித்தனியே கொடுத்தார்கள். ஆண் எலிக்குட்டியில் முலைக்காம்பு தென்படாது. கருவிலிருக்கும்போதே அதன் விரைகள் சுரக்கும் ஆண் இயக்குநீர் (ஹார்மோன்) அதை மறையச் செய்துவிடும். ஆனால் டிஇஎச்பி பெற்ற தாய்களின் ஆண் குட்டிகளில் 87 சதவீதத்திலும், பிபிபி என்ற தாலேட்டைப் பெற்றவற்றில் 70 சதவீதத்திலும், டிஐஎன்பி என்ற தாலேட்டைப் பெற்றவற்றில் 22 சதவீதத்திலும் பெண் குட்டிகளுக்கு இருப்பதைப் போன்ற காம்புத் தடங்கள் காணப்பட்டன. மற்ற மூன்று சேர்மங்களில் அப்படி ஒன்றும் காணப்படவில்லை. அந்த மூன்றில் ஒன்றான டிஓடிபியும் பிவிசியை மென்மையாக்கப் பயன்படுவதே. அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

காம்புத் தடம் வெளியே தெரியும் அடையாளம் மட்டுமே. உள்ளே நடப்பது அதைவிடப் பெரிது. கருவிலுள்ள விரையின் லைடிக் செல்கள் ஆண் இயக்குநீரான டெஸ்டோஸ்டிரோனையும், விரையைக் கீழிறக்கும் தசைநாரை வளர்க்கும் மற்றொரு இயக்குநீரையும் சுரக்கின்றன. இவ்விரண்டையும் இந்தத் தாலேட்டுகள் குறைக்கின்றன. முதலாவது குறைவதால் குதத்துக்கும் பிறப்புறுப்புக்கும் இடையிலான தூரம் சுருங்குகிறது (ஆண் எலிக்குட்டியில் இத்தூரம் பெண் குட்டியினுடையதைப்போல ஏறத்தாழ இரு மடங்கு, குட்டி ஆணா பெண்ணா என்று கண்டறிய ஆய்வகங்கள் பார்ப்பது இதைத்தான்), சிறுநீர்த் துளை ஆண்குறியின் நுனியில் அமையாமல் கீழ்ப்புறத்தில் திறக்கிறது, விந்து நாளத்தின் சுருள்பகுதி முழுமையாக உருவாகாமல் போகிறது. இரண்டாவது குறைவதால் விரை விதைப்பைக்குள் இறங்காமல் வயிற்றுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. இவை ஒருசேரத் தோன்றுவதைத்தான் ஆய்வாளர்கள் தாலேட்டு நோய்க்குறி என்று அழைக்கின்றனர். பெண் குட்டிகளும் தப்புவதில்லை. எலியின் சூலகச் செல்களில் பெண் இயக்குநீரான ஈஸ்ட்ரோஜனை உருவாக்கும் அரோமட்டேஸ் நொதியை எம்இஎச்பி அடக்குவது 1990களிலிருந்தே அறியப்பட்ட செய்தி. ஆனால் ஆண் குட்டிகளைப் போலப் பெண் குட்டிகளில் அளந்து காட்டத்தக்க வெளி அடையாளம் இல்லாததால் அந்தப் பக்கம் குறைவாகவே ஆராயப்பட்டிருக்கிறது என்பது என் கருத்து.

தங்கள் குழுவின் கவனத்துக்கு நான் குறிப்பாகக் கொண்டுவர விரும்புவது கால அளவை. எலியின் கருக்காலம் ஏறத்தாழ 22 நாள். அதற்குள் ஆண் உறுப்புகளின் அமைப்பு முடிவாகும் பருவம் 15ஆம் நாளுக்குப் பின் தொடங்கி 18ஆம் நாளளவில் முடிந்துவிடுகிறது என்று எடின்பரோ ஆய்வாளர்கள் 2008இல் காட்டினர். அந்தச் சில நாள்களில் இயக்குநீர் குறைந்தால் பின்னர் எவ்வளவு சுரந்தாலும் இழந்ததை ஈடுசெய்ய முடியாது. மனிதக் கருவில் இதற்கு இணையான பருவம் 8 முதல் 14 வாரங்கள் வரை என மதிப்பிடப்படுகிறது. வளர்ந்த விலங்கின் உடலிலிருந்து இந்தத் தாலேட்டுகள் சில மணி நேரங்களிலேயே உடைந்து சிறுநீரில் வெளியேறிவிடுகின்றன; ஈயத்தைப் போலச் சேர்ந்து தங்குவதில்லை. பொருள் போய்விடுகிறது, அது கருவில் விட்டுச்சென்ற மாற்றம் போவதில்லை. ஆதலால் 'சிறிதளவுதானே, உடல் வெளியேற்றிவிடும்' என்ற சமாதானம் வளர்ந்த விலங்குக்கு ஓரளவு பொருந்தினாலும் சினையிலிருக்கும் விலங்குக்குப் பொருந்தாது.

உலகெங்கும் மனிதர்களுக்காக வகுக்கப்பட்ட வரம்புகள் இந்த எலிக்குட்டிகளின் மேல்தான் நிற்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் டிஇஎச்பி, டிபிபி, பிபிபி ஆகிய மூன்று தாலேட்டுகளையும் எல்லாப் பொம்மைகளிலும் 0.1 சதவீதத்துக்குமேல் தடைசெய்தது. 2008இல் அமெரிக்காவும் அதே அளவை விதித்தது. நமது தரமும் அந்த வழியிலேயே வந்தது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019இல் டிஇஎச்பி, டிபிபி, பிபிபி, டிஐஎன்பி ஆகிய நான்குக்கும் சேர்த்து, ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 0.05 மில்லிகிராம் என்ற ஒற்றை வரம்பை நிர்ணயித்தபோது அடிப்படையாகக் கொண்டது, எலிக் கருவில் டெஸ்டோஸ்டிரோன் குறைவதைத்தான். மனிதக் குழந்தைக்குப் பாதுகாப்பு தேடித் தருவதற்காகத் தலைமுறை தலைமுறையாக எலிக் கருக்கள் பலியிடப்பட்டிருக்கின்றன. அப்படிக் கிடைத்த அறிவின் பயன் விலங்கினத்தில் ஒன்றுக்குக்கூடத் திரும்பிச் சேரவில்லை என்பது, விலங்குகளுக்கு மருத்துவம் பார்க்கும் எனக்கு நியாயமாகப் படவில்லை.

இங்கே எழக்கூடிய மறுப்புகளை நான் அறிவேன். முதலாவது, எலிகளுக்குக் கொடுக்கப்பட்ட அளவு மிகப் பெரிது என்பது. உண்மைதான், எந்த நாயும் அந்த அளவை விழுங்கப்போவதில்லை. ஆனால் பாதுகாப்பு வரம்பை, கேடு கண்ணுக்குத் தெரியும் அளவிலிருந்து பல மடங்கு கீழே இறக்கி வைப்பதே நச்சியலின் வழக்கம். மேலும் இந்தத் தாலேட்டுகள் ஒன்றாகச் சேரும்போது அவற்றின் விளைவுகளும் கூடுகின்றன. தனித்தனியே தீங்கு காட்டாத சிறிய அளவுகள் சேர்ந்து தீங்கு செய்யக்கூடும் என்பதால், இவற்றை ஒன்றுசேர்த்தே மதிப்பிட வேண்டுமென அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் குழு 2008ஆம் ஆண்டு அறிக்கையில் பரிந்துரைத்தது. இரண்டாவது மறுப்பு வலுவானது: எலி எலிதான், நாய் நாய்தான். சுண்டெலிக் கருவில் டெஸ்டோஸ்டிரோன் குறையவில்லை, ஆனால் இனச்செல்கள் உருக்குலைந்தன. மனிதக் கருவின் விரைத்திசுவைக் கொறிவிலங்குகளின் உடலில் ஒட்டவைத்து 2012இல் செய்யப்பட்ட ஆய்வுகளிலும் டெஸ்டோஸ்டிரோன் எலியில் குறைந்ததைப் போலக் குறையவில்லை. இனத்துக்கு இனம் விளைவு மாறுகிறது என்பதை மறைத்துவிட்டு இக்கோரிக்கையை முன்வைப்பது நேர்மையாகாது. அந்த வேறுபாடுகள் தெரிந்திருந்தும், மனிதக் குழந்தையின் பொருட்டு அரசுகள் எலியின் சான்றையே போதுமென ஏற்றன. அதே எச்சரிக்கையை நாய்க்கும் காட்டுவதில் தர்க்கப் பிழை எதுவும் இல்லை.

நாயைப் பற்றியே நேரடிச் சான்றுகளும் உண்டு. இங்கிலாந்தின் நாட்டிங்காம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், உதவி நாய்களை வளர்க்கும் ஒரு திட்டத்திலிருந்த ஆண் நாய்களின் விந்தைத் தொடர்ந்து 26 ஆண்டுகள் சோதித்து 2016இல் முடிவை வெளியிட்டனர். விந்தணுக்களின் இயக்கம் அக்காலத்தில் படிப்படியாகக் குறைந்திருந்தது; அந்த ஆண் நாய்களுக்குப் பிறந்த ஆண் குட்டிகளில் விரை இறங்காமை கூடியிருந்தது. நாய்களின் விரையிலும் விந்திலும் டிஇஎச்பி இருந்தது; கடைகளில் விற்கப்படும் நாயுணவுகளிலும் இருந்தது; ஆய்வகத்தில் விந்தோடு சேர்த்தபோது விந்தணுவின் இயக்கத்தை அது பாதித்தது. இவற்றை இணைத்து 'இதனால்தான் அது' என்று சொல்ல அந்த ஆய்வு போதாது. ஆய்வாளர்களும் தொடர்பு இருக்கலாம் என்ற அளவிலேயே நின்றனர். கடிபொம்மைகளைப் பற்றி, அமெரிக்காவின் டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தில் செய்யப்பட்டு 2013இல் வெளியான ஆய்வொன்று, நாய்களின் பொம்மைகளிலிருந்தும் பயிற்சிக்காக அவை கவ்விவரும் பிளாஸ்டிக் உருளைகளிலிருந்தும் தாலேட்டுகள் செயற்கை உமிழ்நீரில் கரைந்து வருவதை அளந்து காட்டியது.

இனி நாயின் உடற்கூறு. மனிதக் குழந்தையின் விரை பெரும்பாலும் பிறப்பதற்கு முன்பே இறங்கிவிடும். நாய்க்குட்டிக்கு அப்படியல்ல, பிறந்த சில நாள்களில்தான் அது கவட்டை வழியைக் கடக்கிறது, விதைப்பையில் தன் இடத்தில் நிலைகொள்ள ஐந்து வாரம் வரை ஆகும். அதாவது சினையின் 63 நாள்களோடு குட்டி தாய்ப்பால் குடிக்கும் வாரங்களும் கவனிக்கத்தக்க பருவமே. சினை நாய், அதிலும் ஈனும் நாள் நெருங்க நெருங்கப் படபடப்பு கூடி, அருகில் கிடைப்பதையெல்லாம் கடிக்கும். ஈன்றபின் அது எதைக் கடித்து விழுங்கினாலும் அதில் ஒரு பகுதி பாலில் வரக்கூடும். மூன்று மாதம் முதல் ஆறு மாதம் வரை பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கும் குட்டியோ, விழித்திருக்கும் நேரமெல்லாம் எதையாவது மென்றுகொண்டே இருக்கும். கைக்குழந்தை பொம்மையைச் சப்பும். குட்டி அதைப் பிய்த்து விழுங்கிவிடும். எடையோ சில கிலோதான். தாலேட்டு வரம்பைக் குழந்தையைவிட நாய்க்குத் தளர்த்தலாம் என்பதற்கு உடலியலில் ஆதாரம் தேடினால், எதிர்த்திசையில்தான் ஆதாரம் கிடைக்கும்.

விரை இறங்காத குட்டிகளை நான் பார்க்கிறேன். அவற்றில் எதையும் கடிபொம்மையின் விளைவு என்று நான் சொன்னதில்லை, சொல்லவும் முடியாது. நாய்களில் இக்குறை பரம்பரையாக வருவது நன்கு தெரிந்த ஒன்று. பொமரேனியன் போன்ற சிறிய இனங்களில் அது அதிகம். நெருங்கிய உறவுக்குள்ளேயே இணைசேர்க்கும் நம் ஊர் வழக்கம் அதை இன்னும் பெருக்குகிறது. குட்டி ஈனவைப்போர் இந்தக் குறையுள்ள ஆண் நாயை இனப்பெருக்கத்துக்கு விடாமல் இருந்தாலே பாதிச் சிக்கல் தீரும் என்பதையும் இங்கேயே சொல்லிவைக்கிறேன். ஆனால் பரம்பரைக் காரணம் இருப்பது, தவிர்க்கக்கூடிய இன்னொரு காரணத்தை விட்டுவைப்பதற்குச் சாக்காகாது. வயிற்றில் தங்கிய விரையில் பிற்காலத்தில் புற்றுக்கட்டி வரும் வாய்ப்பு அதிகம். அந்த அறுவைச் சிகிச்சையின் செலவைத் தாங்க முடியாத குடும்பங்கள் எங்கள் பகுதியில் பல.

நாயோடு முடிந்துபோகும் விஷயமும் அன்று இது. எங்கள் பகுதியின் சிறிய வீடுகளில் நாய்க்கென்று தனி இடம் கிடையாது. குழந்தை தவழும் தரையில்தான் குட்டியும் புரளும். குழந்தை வளர்ந்ததும் அதன் பழைய பொம்மைகள், 2021க்கு முந்தையவை உட்பட, நாய்க்குப் போய்ச் சேருகின்றன. நாயின் பந்தோ ஊறிய உமிழ்நீரோடு குழந்தையின் வாய்க்குப் போகிறது. குழந்தையின் பொம்மைக்கு முன்வாசலில் காவல் வைத்த சட்டம், செல்லப்பிராணியின் பொம்மைக்குக் கொல்லைக்கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. வரம்பில்லாத சந்தை எப்படி இருக்கும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் தேவையில்லை. கட்டாயத் தரம் வருவதற்குப் பதினொரு ஆண்டுகளுக்கு முன், 2010இல், டெல்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் கடைகளில் வாங்கிச் சோதித்த பொம்மைகள் அனைத்திலும் ஏதாவதொரு தாலேட்டு இருந்தது. பாதிக்குச் சற்றுக் குறைவானவற்றில் அது பிறநாட்டு வரம்பைத் தாண்டியிருந்தது. செல்லப்பிராணிப் பொருள்களுக்கான கடைத்தட்டு, சட்டத்தின் கண்ணில், இன்றும் அந்த 2010இலேயே நிற்கிறது.

இதைச் சரிசெய்யப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. சோதனை முறை ஐஎஸ் 9873 தரத்திலேயே இருக்கிறது; அதைச் செய்யும் ஆய்வகங்களும் உள்ளன; மாதிரியாகக் குழந்தையின் பொம்மைக்குப் பதில் நாயின் பொம்மையை வைத்தால் போதும். மாற்றுப் பொருள்களும் சந்தையில் உண்டு. மேலே சொன்ன 2000ஆம் ஆண்டு ஆய்வில் ஆண் குட்டிகளின் உறுப்பு வளர்ச்சியைப் பாதிக்காத டிஓடிபி இன்று பரவலாகப் பயன்படும் மென்மையாக்கி. சிட்ரேட் வகைகளும் உள்ளன. பிவிசியே வேண்டாமென்றால் இயற்கை ரப்பர் இருக்கிறது. (பெங்களூருக்கு அருகிலுள்ள சென்னபட்டணா ஊரின் மரப்பொம்மையை நாய்க்குக் கொடுக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். அரக்கு பூசிய அந்த அழகிய பொம்மைகள் குழந்தைகளுக்கு நல்லவை. நாய்ப்பல்லில் மரம் சிலும்பாகி ஈறில் குத்தும், வேண்டாம்.) ஆணையைத் திருத்துவதும் புதிதன்று. பதிவுபெற்ற கைவினைஞர்களுக்கும் புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளுக்கும் விலக்கு அளிப்பதற்காக, நடைமுறைக்கு வருமுன்பே அது ஒருமுறை திருத்தப்பட்டது. விலக்கு அளிக்கத் திருத்த முடிந்த ஆணையைப் பாதுகாப்பு அளிக்கவும் திருத்தலாம். ஆணை பிறப்பிப்பது தங்கள் அமைவனம் அன்று, மத்திய அரசின் தொழில் மேம்பாட்டுத் துறை என்பதை அறிவேன். ஆனால் தரம் வகுக்கப்படாமல் அத்துறை எதைக் கட்டாயமாக்கும்?

ஆகவே, நாய், பூனை ஆகியவற்றின் கடிபொம்மைகள், பயிற்சிப் பொருள்கள், மென்பிளாஸ்டிக் உணவுத் தட்டுகள் ஆகியவற்றுக்கென ஒரு வரைவுத் தரத்தைத் தயாரித்துப் பொதுமக்கள் கருத்துக்கு விடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அதில் 0.1 சதவீதம் என்பது ஒவ்வொரு தாலேட்டுக்கும் தனித்தனியாக அல்லாமல், மொத்தக் கூட்டுத்தொகைக்கே வரம்பாக இருக்க வேண்டும்; ஐரோப்பிய ஒன்றியம் 2020 ஜூலை முதல் நுகர்வோர் பொருள்கள் பலவற்றில் நான்கு தாலேட்டுகளை அப்படித்தான் கணக்கிடுகிறது. வரைவு தயாராகும் வரை, பெங்களூருவில் விற்கப்படும் செல்லப்பிராணிப் பொம்மைகளில் மாதிரிகளை வாங்கிச் சோதித்து முடிவுகளைப் பெயரோடு வெளியிட வேண்டும். பொருள் எதனால் ஆனது என்று உறையில் அச்சிடுவதையாவது உடனே வலியுறுத்த வேண்டும். குழுவில் கால்நடை மருத்துவர்களுக்கு இடமளிப்பதானால் வெகுதூரம் தேட வேண்டாம். ஹெப்பாலில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, ஆடுகோடியில் விலங்கு ஊட்டச்சத்து மற்றும் உடலியங்கியலுக்கான தேசிய ஆராய்ச்சி நிறுவனமே இருக்கிறது.

இதைப் படிக்கும் கடைக்காரர்களுக்கும் நாய் வளர்ப்போருக்கும் ஒரு வார்த்தை. தரம் வரும்வரை, பிளாஸ்டிக் வாசனை கடுமையாக வீசும், கையில் பிசுபிசுக்கும் மென்பொம்மைகளைச் சினை நாய்க்கும் ஆறு மாதத்துக்குட்பட்ட குட்டிக்கும் கொடுக்காதீர்கள். வாசனை இல்லையென்றால் பாதுகாப்பானது என்று பொருளல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். பிவிசி செருப்புகளை எட்டாத இடத்தில் வையுங்கள். சூடான, நெய்யோ கொழுப்போ கலந்த சோற்றை எவர்சில்வர் தட்டில் வையுங்கள். மொத்த வியாபாரியிடம் தாலேட்டுச் சோதனை அறிக்கை கேளுங்கள். பத்துக் கடைக்காரர்கள் கேட்டால் பதினொன்றாவது முறை அவர் அதைக் கொண்டுவருவார்.

தங்கள் அமைவனத்திலிருந்து எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்பார்க்கிறேன். கிடைத்ததும் அதைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் முழுமையாக வெளியிடுவேன். மாதிரி சேகரிப்பில் என் மருத்துவமனையின் உதவி தேவைப்பட்டால் கட்டணமின்றிச் செய்துதரத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கால்நடை மருத்துவர்,
அல்சூர், பெங்களூரு.